இரண்டு மாமாக்களும் ஒரு வம்சாவளிப் படமும்

கேள்வி கேட்டிருப்பவர் 26 வயதுப் பெண். அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "என் மாமாக்கள் இரண்டு பேருக்கு ரத்தம் உறையாத நோய். ஒருவர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஹீமோபிலியா ஏ, ஃபேக்டர் எட்டு ஊசி போட்டுக்கொள்கிறார். இன்னொருவர் அம்மாச்சியின் அக்கா மகன். சின்ன வயதில் பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமலே இறந்துபோனாராம். எனக்கு அத்தை மகனோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. சொந்தத்தில் கட்டினால் நோய் வரும் என்கிறார்கள் சிலர். ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் வரும், பொண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் அம்மாச்சி. என் அண்ணனும் தம்பியும் நன்றாக இருக்கிறார்கள். தம்பிக்கு அந்த மாமா பெண்ணைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள். டாக்டர் வம்சாவளிப் படம் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். எப்படிப் போடுவது? அதில் என்ன தெரியும்?"

நான் மருத்துவன் இல்லை. மரபியல் ஆலோசனைப் பிரிவு ஒன்றில் 11 வருடம் குடும்பங்களை எதிரில் உட்காரவைத்து இந்தப் படத்தைப் போடுவதுதான் என் வேலையாக இருந்தது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, நீங்கள் கேட்ட கேள்வியைவிட முக்கியமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் படம்.

ஒரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்தான் நல்லது, நிச்சயம் அழிக்க வேண்டிவரும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவி நடுவில் ஒரு படுக்கைக்கோடு. அதிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் பிள்ளைகள், மூத்தவர் இடது ஓரத்தில். ஒரு தலைமுறைக்கு ஒரு வரிசை. நோய் உள்ளவரின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்புங்கள். இறந்தவர் மேல் குறுக்காக ஒரு கோடு. நோயை உடம்பில் காட்டாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய பெண், அதாவது கேரியர், என்றால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. சொந்தத்தில் கல்யாணம் என்றால் படுக்கைக்கோடு இரட்டைக்கோடு ஆகும். கலைந்துபோன கருவுக்குச் சின்ன முக்கோணம். கேள்வி யாரைப் பற்றியதோ அவர் பக்கத்தில் ஒரு அம்புக்குறி; இங்கே அது நீங்கள். உங்கள் வரிசையையும் சேர்த்து மேலே மூன்று தலைமுறை ஏறுங்கள். உங்கள் விஷயத்தில் மூன்று போதாது, அம்மாச்சியின் அம்மா வரை போக வேண்டும்.

இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும். புத்தகம் சொல்லாதது நம் உறவுமுறைச் சொற்கள் வைக்கும் பொறி.

"என் மாமாக்கள் இரண்டு பேர்" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். அடுத்த வரியில் ஒருவர் அம்மாச்சியின் அக்கா மகன் என்று சொன்னதால் பிழைத்தேன். அவரே உங்கள் அம்மாவழித் தாத்தாவின் அண்ணன் மகனாக இருந்திருந்தாலும் நீங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவீர்கள். ஆனால் அப்படி இருந்தால் அவருடைய சாவுக்கும் உங்கள் மாமாவின் நோய்க்கும் மரபுவழியில் தொடர்பே இருக்காது, கணக்கு முழுக்க மாறிவிடும். அதேபோல, அம்மாவின் அக்காவும் பெரியம்மா, பெரியப்பாவின் மனைவியும் பெரியம்மா. இரண்டு வீட்டுப் பையன்களும் நமக்கு அண்ணன். முதல் அண்ணனுக்கு ஹீமோபிலியா என்றால் நீங்கள் பரிசோதனைக்குப் போக வேண்டும். இரண்டாவது அண்ணனுக்கு என்றால், அவர் வேறு வீட்டிலிருந்து வந்த தன் அம்மாவிடமிருந்து அதை வாங்கியிருக்கிறார்; உங்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. (அக்கா தங்கை இருவரையும் அண்ணன் தம்பிக்குக் கொடுத்த வீடாக இருந்தால் தவிர. அப்படி நிறைய வீடுகள் இருக்கின்றன.) ஆங்கிலத்தில் இருவரும் ஒரே 'கசின்'தான், அதனால் வெள்ளைக்கார டாக்டர் எப்படியும் பாதையைக் கேட்டாக வேண்டும். நம்மிடம் மாமா, சித்தப்பா என்று நிறைய உறவுச் சொற்கள் இருப்பதால் கேட்கத் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது. ஆகவே படம் போடும்போது மாமா, சித்தி, அண்ணன் எதையும் எழுதாதீர்கள். யார் வயிற்றில் யார் பிறந்தார், அப்பா யார், அவ்வளவுதான்.

அம்மாச்சியிடம் கேட்கும்போது "நம்ம வீட்ல வேற யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் கிடையாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உங்க அம்மா மொத்தம் எத்தனை பெத்தாங்க? தங்காமப் போனது எத்தனை? மொட்டையடிச்சுக் காது குத்தும்போது யாருக்காவது ரத்தம் நிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினீங்களா? முழங்கால் அடிக்கடி வீங்கி, நொண்டி நொண்டி நடந்த பையன் யாராவது? ஹீமோபிலியாவில் வெளியே கொட்டும் ரத்தத்தைவிட மூட்டுக்குள் கசியும் ரத்தம்தான் வாழ்க்கையைக் கெடுக்கும். பழைய தலைமுறையில் அது 'வாத நோய்' என்றோ, ஊரார் வைத்த பட்டப்பெயராகவோதான் நினைவில் இருக்கும். ஒரு பாட்டி என்னிடம் அரைமணி நேரம் "யாருக்கும் இல்ல" என்று சாதித்துவிட்டு, எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று, "எங்க தம்பி ஒருத்தன் பால்பல்லு விழுந்து மூணு நாளா தலகாணி நனைஞ்சு கெடந்தான், அதச் சொல்லணுமா?" என்று கேட்டார். அதைத்தான் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது நோய் போகும் பாதை. மரபணுக்களைச் சுமப்பவை குரோமோசோம்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபேக்டர் எட்டைச் செய்யும் மரபணு எக்ஸ் மேல் இருக்கிறது. பெண்ணுக்கு ஒன்று பழுதானாலும் மற்றது ஓரளவு ஈடு கட்டும். ஆணுக்கு மாற்று இல்லை. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். அப்பாவின் எக்ஸ் மகனுக்குப் போகவே போகாது. மகள்கள் அத்தனை பேருக்கும் போகும். இதிலிருந்து ஒரு எளிய விதி கிடைக்கிறது. நோயுள்ள இருவரைப் படத்தில் விரலால் தொட்டு, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பெற்றோர் பிள்ளை வழியாகவே நடந்து போங்கள். வழியில் எங்காவது அப்பாவும் மகனும் அடுத்தடுத்து வந்தால் பழுதான எக்ஸ் அந்த வழியில் வந்திருக்க முடியாது.

இதற்கு உலகமே பார்த்த படம் விக்டோரியா ராணியின் குடும்பம். அவருக்கு ஒன்பது பிள்ளைகள். மகன் லியோபோல்டுக்கு ஹீமோபிலியா. 1884இல் பிரான்சின் கான் நகரில் வழுக்கி விழுந்து, 30 வயதில் இறந்தார். மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் கேரியர்கள். ஆலிஸின் மகள் அலிக்ஸ் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸை மணந்து 1904இல் பெற்ற மகன் அலெக்சிக்கு நோய். பியாட்ரிஸின் மகள் ஸ்பெயின் அரசரை மணந்தார், அங்கே இரண்டு மகன்களுக்கு நோய். லியோபோல்டின் மகளோ நூறு சதவீதம் கேரியர். அவருடைய மகன் ரூபர்ட் 1928இல் ஒரு கார் விபத்துக்குப் பின் இறந்தார். ஆனால் பிரிட்டிஷ் சிம்மாசனம்? அது விக்டோரியாவின் மகன் ஏழாம் எட்வர்ட் வழியே இறங்கியது. அவருக்கு நோய் இல்லை; நோய் இல்லாத ஆணிடம் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் அந்தக் கிளை அங்கேயே சுத்தமாகிவிட்டது. இவையெல்லாம் வெறும் சதுரமும் வட்டமும் போட்டே தெரிந்த விஷயங்கள். 2009இல் அலெக்சியின் ரோமானோவ் குடும்பத்தின் எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோதுதான் அது ஹீமோபிலியா பி, அதாவது ஃபேக்டர் ஒன்பதின் பழுது என்று தெரிந்தது. படம் பாதையைக் காட்டும், எந்த மரபணு என்று காட்டாது. ஏ வகைக்கும் பி வகைக்கும் படம் ஒன்றுதான்.

பாதை பெண்கள் வழியே போகிறது என்பது மரபணு என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. யூதர்களின் மதச் சட்டநூலான தல்மூதில் ஒரு சம்பவம் வருகிறது. அக்கா தங்கைகள் நான்கு பேர். முதல் மூவரின் மகன்களும் சுன்னத் செய்தபோது இறந்துவிட்டார்கள். நான்காமவள் வந்து கேட்கும்போது, "உன் மகனுக்குச் செய்யாதே" என்று தீர்ப்பாகிறது. பெரியம்மா மகன், சித்தி மகன் என்ற பாதையை அவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். 1803இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஆட்டோ ஒரு அமெரிக்கக் குடும்பத்தைப் பற்றி எழுதியபோதும் இதையே சொன்னார்: ரத்தம் கொட்டுவது ஆண்களுக்கு, கடத்துவது பெண்கள்.

உங்கள் அம்மாச்சி சொல்வதில் பாதி சரி என்பது இதிலிருந்தே தெரியும். மீதிப் பாதியைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் படத்தில் அம்மாச்சிக்கு நோயுள்ள மகன் ஒருவர். அவருடைய அக்காவுக்கும், கேள்விப்பட்டதை அப்படியே எடுத்துக்கொண்டால், நோயுள்ள மகன் ஒருவர். மாமா ஒருவருக்கு மட்டும் இருந்திருந்தால், அது அவரிடமே புதிதாக ஏற்பட்ட பழுதோ என்று சந்தேகப்பட இடம் உண்டு. ஹீமோபிலியாக்காரர்களில் மூன்றில் ஒருவர் போல, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாதவர்கள்தான். விக்டோரியா வீட்டிலேயே அவருக்கு முந்தைய தலைமுறைகளில் நோயின் தடயம் இல்லை. அவர் பிறந்தபோது அப்பாவுக்கு 51 வயது, பழுது அங்கே புதிதாக வந்திருக்கலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் அக்கா தங்கை இருவருக்கும் இப்படி ஒரு மகன் என்றால், இருவரும் தங்கள் பெற்றோரிடமிருந்து, பெரும்பாலும் அம்மாவிடமிருந்து, வாங்கி வந்திருக்கிறார்கள். அம்மாச்சி கேரியர். வட்டத்துக்குள் தைரியமாகப் புள்ளி வையுங்கள்.

அப்படியானால் உங்கள் அம்மா கேரியராக இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இங்கேதான் உங்கள் அண்ணனும் தம்பியும் உதவிக்கு வருகிறார்கள். உங்கள் அம்மாவைப் போலவே எட்டுப் பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கேரியர், நாலு பேர் இல்லை. எல்லோருக்கும் இரண்டிரண்டு மகன்கள். கேரியராக இல்லாத நால்வருக்கும் இரண்டு மகன்களும் நன்றாகத்தான் இருப்பார்கள். கேரியர்கள் நால்வரில், இரண்டு மகன்களுமே தப்பிப்பது சராசரியாக ஒருத்திக்குத்தான். ஆக, 'இரண்டு மகன்களும் நலம்' என்று சொல்லக்கூடிய பெண்கள் மொத்தம் ஐந்து பேர். அவர்களில் கேரியர் ஒருத்தி. உங்கள் அம்மாவின் வாய்ப்பு பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. உங்களுக்கு அதில் பாதி, பத்தில் ஒன்று. உங்களுக்கு மகன் பிறந்தால் அவனுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு 20இல் ஒன்று. நோயில்லாத கட்டமும் பேசும் என்பதற்காகத்தான் நன்றாக இருப்பவர்களையும் விடாமல் வரையச் சொல்கிறோம். பலர் நோயுள்ளவர்களை மட்டும் வரைந்துகொண்டு வருவார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது அந்த ஒரு வரி. "தம்பிக்கு அந்த மாமா பெண்ணைத்தான் பேசி வைத்திருக்கிறார்கள்."

மாமாவிடம் இருப்பது ஒரே எக்ஸ், அது பழுதானது. மகளுக்கு அவர் கொடுக்கக்கூடியது அது மட்டுமே. உங்களுக்குப் பத்தில் ஒன்று என்று கணக்குப் போட்டோம். அந்தப் பெண்ணுக்குக் கணக்கே வேண்டாம், அவர் நிச்சயம் கேரியர். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு. வீடே உங்களைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறது, அவரைப் பற்றி யாருக்கும் யோசனை இல்லை. காரணம், மாமா ஆண், அவர் பெண் நன்றாக இருக்கிறாள், 'பொண்ணுக்கு ஒன்றும் ஆகாது'. மாமாவுக்கு மகன் இருந்தால், அவனுக்கு மாமாவின் ஒய்தான் போயிருக்கும். இந்த நோயைப் பொறுத்தவரை அவனும் அவன் சந்ததியும் விடுதலை.

இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் "அப்ப அந்தப் பொண்ணு வேண்டாம்" என்று ஆரம்பித்துவிடக் கூடாது. உங்கள் தம்பிக்கு நோய் இல்லை, எனவே அவருடைய எக்ஸ் நல்ல எக்ஸ். அவர் மாமா பெண்ணைக் கட்டினாலும் சரி, அந்தப் பெண் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டினாலும் சரி, ஹீமோபிலியா வாய்ப்பு இம்மி கூடாது, குறையாது. மாறுவது ஒன்றுதான்: முன்கூட்டியே தெரிந்திருப்பதா, முதல் பிள்ளைக்குக் காது குத்தும் நாளில் தெரிந்துகொள்வதா. அப்புறம் அந்தப் பெண்ணின் சொந்த உடம்பு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுகிறது என்று 1961இல் மரபியலாளர் மேரி லயன் சொன்னார். எந்த செல்லில் எது அணையும் என்பது சீட்டுக் குலுக்கல். நல்லது அதிகமாக அணைந்த பெண்ணுக்கு ஃபேக்டர் அளவு குறைவாகவே இருக்கும். மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம், பிரசவத்துக்குப் பின் ஆபத்து எல்லாம் வரலாம். கல்யாணப் பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் தன் ஃபேக்டர் எட்டு அளவைப் பார்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

நோயுள்ள ஆண் கேரியரான சொந்தக்காரப் பெண்ணைக் கட்டும்போது மட்டும் நம் கல்யாண வழக்கம் இந்தப் படத்தைக் குழப்பும். அது எனக்குப் பாடம் ஆன கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பையனுக்குக் கெண்டைக்கால் தசை தடித்து, பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் அதே தொல்லை, ஆனால் நாற்பதுக்கு மேல்தான் மோசமானது. அப்பா மகன் இரண்டு கறுப்புச் சதுரம் ஒன்றின் கீழ் ஒன்று. எக்ஸ் வழி இல்லை என்று பெரிய மனுஷத்தனமாக எழுதிவைத்தேன். என் மூத்தவர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தம்மா யார் வீட்டுப் பொண்ணு?" நான் கேட்கவில்லை. அந்த அம்மா அவருக்கு அக்கா மகள். நோய் எக்ஸ் வழி வரும் பெக்கர் வகைத் தசைச்சிதைவு. பையன் அதை அப்பாவிடமிருந்து வாங்கவில்லை. அப்பாவின் அக்கா கேரியர், அவர் மகள் கேரியர், அந்த மகள் வயிற்றில் பிறந்த பையன் தன் அம்மாவிடமிருந்து வாங்கியிருக்கிறான். நான் ஒற்றைக்கோடு போட்ட இடத்தில் இரட்டைக்கோடு போட்டிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது.

இதே கல்யாணத்தில்தான் 'பெண்ணுக்கு வராது' என்பதும் உடைகிறது. நோயுள்ள தாய்மாமன் கேரியரான அக்கா மகளைக் கட்டினால் மகன்களில் பாதிப் பேருக்கும் மகள்களில் பாதிப் பேருக்கும் முழு நோய் வரலாம். உங்களுக்குப் பேசியிருப்பது மாமாவை இல்லை, அத்தை மகனை. அது வேறு.

எவ்வளவு வேறு? அத்தை அப்பாவின் கூடப்பிறந்தவர். நீங்கள் ஒருவேளை கேரியராக இருந்தால் அது அம்மா வழியில் வந்தது. அத்தை மகனுக்கு ஹீமோபிலியா இல்லை. இந்த நோய்க் கணக்கில் அவர் அந்நியர் மாதிரிதான். 'சொந்தத்தில் கட்டினால் வரும்' என்று சொல்பவர்கள் வேறு வகை நோய்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்த வேறு வகைக்குப் பெயர் ஒடுங்கு பண்பு. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று என்று ஒரு மரபணுவுக்கு இருக்கும் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் நோய். ஒரு பிரதி பழுதானவர் ஆணோ பெண்ணோ ஆயுசு முழுக்கத் தெரியாமலே இருப்பார். 1902இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், சிறுநீர் காற்றுப்பட்டால் கறுத்துப்போகும் அல்காப்டோனூரியா என்ற கோளாறைப் பார்த்தார். பிள்ளைகளின் பெற்றோரில் நிறையப் பேர் கூடப்பிறந்தவர்களின் மக்களாக, அதாவது ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகளாக இருப்பதைக் கவனித்து, இது மெண்டல் சொன்ன ஒடுங்கு வகை என்று புரிந்துகொண்டார். தாத்தாவிடம் ஒளிந்திருந்த ஒரே பழுது, மகன் வழியிலும் மகள் வழியிலும் இறங்கி, பேரன் பேத்தி கல்யாணத்தில் மீண்டும் சந்திக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, எந்த ஒரு மரபணுவை எடுத்துக்கொண்டாலும், அதன் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16இல் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. பிறவிக் கோளாறு வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 3 போல இருப்பது, அத்தை மகன் கல்யாணத்தில் 5, 6 என்று ஆகிறது. நூற்றில் 94 பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன, ஆனால் கூடுதல் ஆபத்து நிஜம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் ரத்த உறவில் நடந்தவை. இரட்டைக்கோடு இங்கே அபூர்வக் குறி இல்லை.

எனவே உங்கள் கல்யாணத்துக்கு நான் பார்க்கச் சொல்வது அப்பா வழித் தாத்தா பாட்டிக்குக் கீழே உள்ள கிளைகளைத்தான். பிறவியிலேயே காது கேளாதவர், தோலும் முடியும் வெளுத்துப் பிறந்தவர், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருந்த குழந்தை, காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தைகள் யாராவது உண்டா? இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பி டாக்டரிடம் காட்டுங்கள். எப்படியிருந்தாலும் பரம்பரை ரத்தசோகை நோயான தலசீமியாவுக்கு இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அப்புறம் ஒன்று: ஒடுங்கு வகையில் நோய் தலைமுறைகளைத் தாண்டித் தாண்டி வரும் என்று சொல்வார்கள். சொந்தத்திலேயே திரும்பத் திரும்பக் கட்டும் குடும்பங்களில் நோயுள்ளவர் கேரியரைக் கட்டுவது சகஜமாகிவிடும். அப்போது அப்பா, மகள், பேரன் என்று வரிசையாக வந்து, ஒரு பிரதி பழுதானாலே நோய் வரும் ஓங்கு பண்பு போலவே வேஷம் போடும். இதற்கு நேர் எதிரானதையும் பார்த்திருக்கிறேன். பிறவியிலேயே காது கேளாத இருவர் மணந்துகொண்டார்கள், மூன்று பிள்ளைகளுக்கும் நன்றாகக் கேட்கிறது. இருவருக்கும் பழுதான மரபணு வேறு வேறு. அப்பா கெட்டதாகக் கொடுத்ததை அம்மாவின் நல்ல பிரதி சரிக்கட்டிவிடுகிறது.

ஓங்கு பண்பு உங்கள் கேள்வியில் இல்லை என்பதால் சுருக்கமாக: ஒரு பிரதி பழுதே போதும், நோயுள்ளவரின் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும், அப்பாவிடமிருந்து மகனுக்கும் போகும். மூளை நரம்புகளைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் அந்த வகை. வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரையில் ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரும் சகாக்களும் 1979 முதல் வருடாவருடம் போய், சுமார் 18,000 பேரைக் கொண்ட வம்சாவளிப் படம் ஒன்றைப் போட்டார்கள். 1983இல் அந்த நோயின் இருப்பிடம் நான்காவது குரோமோசோம் என்று கண்டதிலும், 1993இல் மரபணுவையே பிடித்ததிலும் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெக்ஸ்லரின் அம்மாவும் அதே நோயால் இறந்தவர்.

பள்ளியில் நாக்கைச் சுருட்டச் சொல்லி, காது மடல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் படம் போடவைத்திருப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். நாக்கு சுருட்டுவது மரபுப் பண்பு என்று 1940இல் எழுதிய மரபியலாளர் ஸ்டர்ட்டவன்ட்டே பிற்பாடு பின்வாங்கிவிட்டார். ஒரே கரு இரட்டையர்களில் ஒருவருக்குச் சுருட்ட வந்து மற்றவருக்கு வராமல் இருக்கிறது. 'எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர்' என்பதற்கும் இந்தப் படம் பதில் சொல்லாது. அங்கே பல மரபணுக்களும் சாப்பாடும் சேர்ந்து ஆடுகின்றன, பாதிக்குப் பாதி மாதிரிச் சுத்தமான எண் வராது.

பரிசோதனையின் வரிசை முக்கியம். நேராக நீங்கள் போய் டிஎன்ஏ கொடுக்காதீர்கள், முதலில் மாமா. அவரிடம் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்த பிறகு அந்த ஒரே இடத்தை மற்றவர்களிடம் தேடுவது எளிது, செலவும் குறைவு. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்த மரபணுவின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும், லேப் அதைத்தான் முதலில் பார்க்கும். அடுத்து உங்கள் அம்மா. அவரிடம் இல்லை என்றால் உங்கள் பத்தில் ஒன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும், நீங்கள் ஊசி குத்திக்கொள்ளவே வேண்டாம். ஃபேக்டர் அளவு சாதாரணமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து 'கேரியர் இல்லை' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மேரி லயனின் சீட்டுக் குலுக்கல் அங்கேயும் ஏமாற்றும்.

மாமா பெண்ணுக்குக் கேரியரா என்று பார்க்கும் டெஸ்ட் தேவையில்லை, ஆனால் மாமாவின் டிஎன்ஏ முடிவு கையில் இருக்க வேண்டும். பின்னால் கருவுற்றால் 11ஆம் வாரம் போல நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கலாம். எக்ஸ் வழி நோய்களுக்கு, பதிவுபெற்ற மையத்தில் இதைச் செய்ய சட்டம் அனுமதிக்கிறது. பார்ப்பதா வேண்டாமா என்பது அவர்கள் இருவரின் முடிவு. லியோபோல்டு காலத்து நோய் இல்லை இது. 2024 டிசம்பரில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்த முடிவை வெளியிட்டார்கள்.

படத்தில் ஒரு கிளை மட்டும் காலியாக இருக்கிறது. அம்மாச்சியின் அக்காவுக்கு, இறந்துபோன அந்தப் பையனைத் தவிர, பெண்பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு மகள்கள் உண்டா என்று எழுதவில்லை. நீங்கள் சித்தி, பெரியம்மா என்று கூப்பிடும் அந்தப் பெண்களுக்கும் ஆரம்ப வாய்ப்பு பாதிக்குப் பாதிதான், அவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அம்மாச்சியிடம் கேட்டு, அந்த வட்டங்களையும் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.